பெயின்டர் வீட்டுக்குள் ஒரு திமிங்கலம்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு என்ன வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் எட்டிப் பார்ப்பதில்லை. என் வீட்டு ஜன்னல்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கிற மாதிரி அமைந்துவிட்டது.

அப்படித்தான் பெயின்டர் வீட்டுக்கு டிவிடி பிளேயர் வந்ததையும் பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். தூக்கினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அவ்வளவு லேசு.

மருந்துக்கடைக்காரர் உடனே பார்க்க வந்துவிட்டார். அவர் வீட்டில் இருப்பது சூட்கேஸ் அளவு பிளேயர், கூடவே ஐந்து ஸ்பீக்கர்கள்.

"இது பிளேயரா, பிஸ்கட் டப்பாவா?" என்றார்.

பெயின்டர் சிரித்து மழுப்பினார். அவருடைய மகளுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். அதனால் தெரு வைத்த பெயர் துருவி.

பிளேயரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. எல்லார் வீட்டிலும் இருக்கும், யாரும் படிக்காத புத்தகம். துருவி அதை அட்டை முதல் அட்டை வரை படித்தாள்.

"அப்பா, இது மேல பூச்சாடி வைக்கக் கூடாதாம்."

"யாரு வைக்கப் போறாங்க?"

பூச்சாடியோடு வந்துகொண்டிருந்த அம்மா, வந்த வழியே திரும்பிப் போனாள்.

அந்தப் பிளேயருக்கு ஒரு குணம் உண்டு. டிஸ்க்கை உள்ளே வாங்கியதும் படம் காட்டாது. 'கிர்ர்' என்று முனகும். 'டக், டக்' என்னும். நாம் அலுத்துப்போய் எழுந்திருக்கும்போதுதான் படம் வரும்.

"அது படிக்குதுப்பா. ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒண்ணு டிஸ்க்கைத் தடவித் தடவிப் படிக்குதாம். அதுலேர்ந்துதான் இவ்வளவு பெரிய படம் வருதாம்!" என்று வாயைப் பிளப்பாள் துருவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தெருமுனையில் தையல்காரம்மா இருக்கிறார். அவருடைய ஒரே மகன் கப்பலில் சமையல்காரன். போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கரைக்கு வந்தால் போன் செய்வான். அதில் பாதி அவன் குரல், பாதி 'கர்ர்' சத்தம்.

அந்த வாரம் அவனிடமிருந்து தபாலில் ஒரு டிஸ்க் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மா, இதில் நான் இருக்கிறேன். இந்த ஒரு டிஸ்க்தான் இருக்கிறது. பத்திரம்' என்று எழுதியிருந்தான். சீட்டு தானாகவே என் கண்ணில் பட்டது.

தையல்காரம்மா டிஸ்க்கைத் துணியால் நன்றாகத் துடைத்து, மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தப் பெரிய பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்று எழுதிக் காட்டியது. எடுத்துப் போட்டாலும் அதேதான். திருப்பிப் போட்டாலும் அதேதான்.

"கண்ணு முன்னாடி இருக்கிறதைப் போய் இல்லைங்குதே, ஐயா!"

"டிஸ்க் செத்துப்போச்சும்மா. என் பிளேயரே படிக்கலைன்னா வேற எதுவும் படிக்காது. தூக்கிப் போட்டுடுங்க."

தையல்காரம்மா வெளியே வந்தார். எதிரே வருகிறவர்களின் காலர் கோணலைச் சொல்லாமல் போகவே மாட்டார். அன்று யார் காலரையும் பார்க்கவில்லை.

தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த துருவி எழுந்து ஓடினாள்.

"அத்தை, அதை ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"என்னத்துக்குடி கண்ணு? செத்துப்போச்சாம்."

துருவி டிஸ்க்கை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். "நல்ல டிஸ்க்குன்னா வானவில் பளிச்சுன்னு தெரியும். இது மங்கலா, பிசுபிசுன்னு இருக்கு. எதால துடைச்சீங்க?"

"மிஷின் பக்கத்துல வச்சிருப்பேனே, அந்தத் துணியாலதான்."

துருவி டிஸ்க்கை மோந்து பார்த்தாள். "மிஷின் எண்ணெய் வாசனை அடிக்குது, அத்தை."

தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ! எண்ணெய் விட்டுட்டு அதுலதானே துடைப்பேன். நானே கெடுத்துட்டேனே!"

அதற்குள் மருந்துக்கடைக்காரரோடு பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஜன்னலில் இருந்து சரியாகக் கேட்கவில்லை, நானும் போனேன். பெயின்டர் உள்ளேயிருந்து ஒரு பாட்டிலோடும் துணியோடும் வந்தார்.

"எண்ணெய்தானே? தின்னரைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா போயே போச்சு! கதவு, ஜன்னல், என் கை, எல்லாத்துலயும் பெயின்ட் கறையை எடுக்கிறது இதுதான்."

"வேண்டாம்பா!" துருவி டிஸ்க்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஐம்பது வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவன்டி நான். எனக்குத் தெரியாதா?"

"கதவைப் பத்தி உங்களுக்குத் தெரியும்பா. டிஸ்க்கைப் பத்தி அந்தப் புத்தகத்துக்குத்தான் தெரியும். தின்னர் பட்டா கெட்டுப்போயிடும்னு போட்டிருக்கு."

பிறகு தையல்காரம்மா பக்கம் திரும்பினாள்.

"சோப்புத் தண்ணி ஒரு சொட்டு போதும், அத்தை. படம் வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இதுக்கு மேல கெடாது. துடைக்கட்டுமா?"

தையல்காரம்மா பாட்டிலைப் பார்த்தார். அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார்.

"நீயே துடை."

"புதுத் துணி வேணும். மெத்துன்னு இருக்கணும்."

தையல்காரம்மா வீட்டுக்கு ஓடினார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஒரு புதுத் துணித் துண்டோடு வந்தார். அது யாருடைய சட்டைத் துணி என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்.

துருவி நடு ஓட்டையில் தொடங்கி விளிம்பு வரை நேராகத் துடைத்தாள்.

"வட்டமா துடைம்மா, தட்டு துடைக்கிற மாதிரி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இல்ல மாமா. வட்டமா கீறல் விழுந்தா பிளேயரால படிக்க முடியாதாம்."

உலர்ந்த டிஸ்க்கை மறுபடி வெயிலில் காட்டினாள். வானவில் பளிச்சென்று ஓடியது.

எல்லாரும் உள்ளே போய் டி.வி. முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பிளேயர் டிஸ்க்கை வாங்கிக்கொண்டது.

கிர்ர். டக், டக்.

திரை கறுப்பாகவே இருந்தது.

"தலையில ஒரு தட்டு தட்டு" என்றார் யாரோ.

"யாரும் தொடாதீங்க. படிக்குது."

டக். தையல்காரம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார். டக், டக்.

திடீரென்று அறை முழுக்க நீலமாகிவிட்டது.

கடல்! கரையே இல்லாத கடல். அதன்மேல் பனிமலைகள் மிதந்து வந்தன. ஒவ்வொன்றும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் போலப் பத்து மடங்கு இருக்கும். வெள்ளையாக இருந்த மலைக்குள்ளே யாரோ விளக்கு ஏற்றி வைத்ததுபோல் ஒரு நீலம் தெரிந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தோம்.

அப்புறம் தண்ணீர் உப்பியது. ஒரு கறுப்பு முதுகு எழுந்தது. எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. ஒரு தெருவே எழுந்து நிற்பதுபோல் ஒரு திமிங்கலம் கடலை விட்டு வானத்துக்கு வந்தது. பெயின்டர் தின்னர் பாட்டிலைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. திமிங்கலம் கட்டம் கட்டமாக அந்தரத்தில் தொங்கியது.

"போச்சு!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கொஞ்சம் இருங்க, மாமா. பெரிய திமிங்கலம்ல, படிக்க நேரமாகுது."

டக்.

திமிங்கலம் விழுந்தது. கடலே இரண்டாகப் பிளந்து எழும்பியது. முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் சாய்ந்து, நனையாத முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

படம் திரும்பியது. கப்பல் தளத்தில் ஒரு பையன் நின்றான். சமையல் ஏப்ரன் காற்றில் படபடத்தது. கண்ணெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? இவ்வளவு பெருசை நான் மட்டும் பாத்தா நல்லாவா இருக்கும்? அதான் உனக்கும் காட்டணும்னு... அம்மா, கேக்குதா?"

"கேக்குதுடா" என்றார் தையல்காரம்மா, டி.வி.யைப் பார்த்து.

டி.வி.க்குப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிற தெரு இது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மலையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை.

"டேய், சட்டையில ரெண்டாவது பட்டன் எங்கடா?"

அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கழுவின பிறகு என் பிளேயர்லயும் ஓடியிருக்கும்" என்று முணுமுணுத்தார் மருந்துக்கடைக்காரர். ஓடியிருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை. அவரும் எழவில்லை.

படம் முடிந்தது. தையல்காரம்மா எதையோ கேட்க வாயெடுத்து, தயங்கினார். துருவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"திமிங்கலம்! திமிங்கலம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

துருவி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "எந்த இடம் வேணும், அத்தை?"

"'அம்மா, கேக்குதா'ன்னான் பாரு..." தையல்காரம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "அந்த இடம்."

துருவி பட்டனை அழுத்தினாள். அவன் அழைத்தான். மறுபடி அழுத்தினாள். மறுபடி அழைத்தான்.

இந்தத் தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். அன்றைக்கு அவன் எத்தனை முறை அழைத்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் எண்ணவில்லை.