கம்பியின் மறுமுனை

செம்புக் கிண்ணத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே, அப்படியான ஆவி. செலஸ்ரீனா துணியால் துடைத்தாள். அடுத்த மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், மறுபடியும் படிந்திருந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆடி மாதம். கடல் தாண்டி வந்த ஷிறொக்கோ என்னும் பாலைவன வெக்கைக் காற்று இத்தாலியின் பலெர்மோ நகர் முழுவதையும் அடுப்படியாக்கியிருந்தது. அந்தப் பழைய மாளிகையின் மூடிய யன்னல் பலகைகள் ஓயாமல் படபடத்தன. சந்திலிருந்து பொரித்த எண்ணெய் மணமும், சுவர்களிலிருந்து பூஞ்சண நெடியும், எங்கிருந்தென்று தெரியாத நோயாளிப் படுக்கை வாடையும் மாறிமாறி வந்தன. தொலைபேசிக்கு அந்தப் பெயர் வருமுன்பே, மாளிகைக்காரர் கீழே இந்தப் பட்டறையில் இருந்தபடி, மேல்மாடியில் எழும்ப முடியாமல் கிடந்த மனைவியோடு, இரண்டு செம்புக் கிண்ணங்களை இணைத்த கம்பி வழியே கதைத்தாராம். இப்போது காட்சிச்சாலையாகிவிட்ட இங்கே அதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. கம்பியை எப்போதோ அறுத்துவிட்டார்கள். மிச்சம் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

மேலே அந்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் றஜிதா, செலஸ்ரீனாவின் கணவனுடைய தங்கை. வயிற்றுப் பிள்ளைக்காரி. வீட்டில் தனியே இருக்கப் பயம் என்றவளை, வேலை இலேசுதான் என்று சொல்லிக் கூட்டிவந்ததே செலஸ்ரீனாதான்.

மறுபடியும் ஆவி படிந்த கிண்ணத்தைச் செலஸ்ரீனா காதில் வைத்தாள். மூச்சு. பிறகு றஜிதாவின் குரல், மிக மெல்ல.

“மச்சாள், ஏன் என்னை அங்கை வரச் சொல்லுறியள்?”

“நான் கூப்பிடேல்லையே, பிள்ளை!”

“இப்பவும் கூப்பிடுறியள்.”

கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். படிகள். மருந்து வாடை. கதவைத் தள்ளினாள்.

றஜிதா கட்டிலோரம் நின்றாள். காதில் இன்னொரு கிண்ணம். மறுகை வயிற்றைப் பொத்தியிருந்தது. செலஸ்ரீனாவைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

“நீங்கள் இஞ்சை நிக்கிறியள்,” என்றாள். “அப்ப கீழை கதைக்கிறது ஆர்?”

செலஸ்ரீனா கிண்ணத்தைப் பறித்துக் காதில் வைத்தாள். தன்னுடைய குரல். தன்னுடைய மன்னார்ப் பேச்சு. றஜிதாவிடம் மட்டும் காட்டும் அதே கனிவு.

“நீ வரவேண்டாம், பிள்ளை. களைச்சுப்போவாய். நானே வாறன்.”

குரல் நின்றது.

கீழே இறப்பர்ச் செருப்பு அடிபட்டது. ஒரு படி. இன்னொரு படி. செலஸ்ரீனா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். தரை கழுவுவதற்காகச் செருப்பைப் பட்டறை வாசலில் கழற்றிவிட்டிருந்தாள்.

றஜிதா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

செருப்புச் சத்தம் வாசலில் வந்து நின்றது. திறந்து கிடந்த கதவின் விளிம்பை ஐந்து விரல்கள் மெல்லப் பற்றின. ஒன்றில், செலஸ்ரீனா போட்டிருந்த அதே கலியாண மோதிரம்.