கழற்றாத வண்டி

பூவம்மா படியேறி வந்தபோது அவர் சேலைக் கரையில் மழைத்தண்ணீரும் தலைமுடியில் மிளகாய்த்தூளும் இருந்தன. மூன்று நாளாக விடாத டிசம்பர் மழை. சிங்கப்பூர் டன்லப் தெருவில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் வந்தவர் குடையை மடக்கக்கூட மறந்துவிட்டார்.

"பாய், ஒரு காருக்கு ஒம்பதாயிரம் வெள்ளி தகுமா தகாதான்னு எனக்குத் தெரியணும். அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

இப்ராஹீம் நாற்காலியை நகர்த்திப் போட்டார். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக நனைந்த சரக்கையும் நசுங்கிய லாரியையும் மதிப்பிட்டுக் கொடுத்தவர் அவர். எரிந்த கடை ஒன்றைப் பார்த்தால், எவ்வளவு எரிந்தது என்பதோடு எவ்வளவு எரிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவார். அதனால் அவருக்குப் பேர் கிடைத்தது. நண்பர்கள் அதிகம் கிடைக்கவில்லை.

"உக்காருங்கம்மா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

பூவம்மாவுக்கு பஃபலோ ரோட்டில் மசாலா அரைக்கும் மில் இருந்தது. அப்பா அவர் பேரில் எழுதி வைத்துவிட்டுப் போன மில். கீழே இயந்திரம், மேலே குடியிருப்பு. கணவர் கனகசபை காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். இளவயதில், கார்களை மலைப்பாதையில் ஏற்றும் பந்தயம் ஒன்றில் அவர் பச்சை நிற மார்லோ கார் ஒன்றைப் பார்த்தவர். இரண்டே இருக்கைகள் உள்ள பந்தய வண்டி, மலாயாவுக்கே மூன்றுதான் வந்தன என்பார். அன்று பிடித்த பைத்தியம் இருபத்து மூன்று வருடமாக விடவில்லை. இப்போது அண்ணாதுரை என்ற தரகர் அதே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்.

"காசா வேண்டாமாம். மில்ல எழுதிக் குடுத்தாப் போதுமாம். சங்கத்துல நாலு பேருக்கு முன்னால எங்க வீட்டுக்காரர் கை குடுத்துட்டார். கையெழுத்து மட்டும் என்னோடது, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போடணுமாம்." அவர் குரல் சன்னமாகிவிட்டது. "இல்லன்னு சொன்னா அந்த வீட்ல நான் இருக்க முடியாது பாய். சரின்னு சொன்னா இருக்க வீடே இருக்காது."

"போலிதான் லா," என்றார் தட்டச்சு இயந்திரத்தின் பின்னாலிருந்து இப்ராஹீமின் உதவியாளர் சரஸ்வதி. வயது நாற்பத்தைந்து. முடிவைக் காலையிலேயே சொல்லிவிட்டுக் காரணத்தை மதியத்தில் தேடுவது அவர் வழக்கம்.

"நீங்க இன்னும் வண்டியப் பாக்கல."

"ஆளப் பத்திக் கேட்டேனே."

இப்ராஹீம் சிரிக்கவில்லை. "மார்லோன்னா விலை தகும்மா. லண்டன்ல இதுக்கு மேலயும் குடுப்பாங்க. ஆனா கழற்றாத வண்டியா இருக்கணும். தொழிற்சாலையில சேசிஸ், அதான் அடிச்சட்டம், அது மேல பாடிய மாட்டினது மாட்டினபடி இருக்கணும். பிரிச்சுக் கோத்ததுன்னா, பளபளன்னு இருக்குற பழைய இரும்பு. அவ்வளவுதான்."

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்தது அண்ணாதுரையின் பட்டறை. மூவரும் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணாதுரை வெள்ளைச் சப்பாத்துகளைக் காலிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே வரவேற்றார். ஈரத்திலும் கலையாத தலைமுடி, எதற்கும் கோபப்படாத முகம்.

"வாங்கக்கா. பாயையும் கூட்டிட்டு வந்தீங்களா? நல்லதாப் போச்சு. மறைக்கிறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்ல."

வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் இடுப்புயரத்தில் நின்றது. தண்ணீர் ஏறினால் நனையாதிருக்க அந்த ஏற்பாடாம். கரும்பச்சை உடம்பு, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள். போலி என்று சொல்லிக்கொண்டு வந்த சரஸ்வதியே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஜொகூர்ல ஒரு எஸ்டேட் கொட்டகை," என்று தொடங்கினார் அண்ணாதுரை. "ஜப்பான்காரன் வந்தப்ப வெள்ளைக்காரத் துரை பூட்டிட்டுப் போனது. போன மாசம் இருபத்தஞ்சாந்தேதிதான் பூட்டை உடைச்சோம். லாரியில ஏத்தி நேரா இங்க. அதுக்கு முன்னால இது சிங்கப்பூர் மண்ணையே பாத்ததில்ல. நம்ம வடிவேலு வெளியில தொடைச்சான், டயர் மாத்தினான். பாடிய இம்மிகூடத் தூக்கல. கேளுங்க."

பட்டறையின் ஒரே மெக்கானிக் வடிவேலு. முப்பது வயதிருக்கும். "ஆமாங்க," என்றார் தரையைப் பார்த்து. பிறகு ஒரு தட்டில் கோப்பி கொண்டுவந்து வைத்தார். வலக்கை மோதிர விரலின் நுனி ஒரு பக்கம் வெட்டுப்பட்டு இல்லாமல் இருந்ததைச் சரஸ்வதி கவனித்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் கோப்பியை எடுத்துக்கொண்டார்.

இப்ராஹீம் வேலையில் இறங்கினார். சேசிஸில் வெட்டியிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். இயந்திரத்தின் எண்ணைப் பார்த்தார். பாடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இருபது வருடத் துரு இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து, "எண் சரி. இயந்திரம் சரி. போல்ட் சரி," என்று சொல்லச் சொல்ல, சரஸ்வதி குறிப்பேட்டில் எழுதினார். ஒவ்வொரு 'சரி'க்கும் பூவம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

மூன்று மணிக்கு ரோச்சோர் கால்வாய் கரை மீறியது. சந்துத் தண்ணீர் குப்பையும் பலகைகளுமாகப் பட்டறைக்குள் புகுந்தது. அண்ணாதுரை இரும்புக் கதவை இழுத்து இறக்கினார். சற்று நேரத்தில் மின்சாரமும் போனது. உயரத்தில் இருந்த ஒரு கம்பிச் சன்னல் வழியாக மட்டும் சாம்பல் நிற வெளிச்சம் வந்தது. வெளியே முழங்காலுக்கு மேல் தண்ணீர். யாரும் எங்கும் போக முடியாது.

"மழை விடுறதுக்குள்ள நாம வேலைய முடிச்சிடலாம்," என்று அண்ணாதுரை முத்திரைத்தாள் பத்திரத்தை விரித்தார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

பூவம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். பயம் பிடித்துக்கொண்டது. கதவு மூடியதால் வந்த பயமில்லை அது. சங்கத்தில் கணவர் கை கொடுத்த நாளிலிருந்தே அவருக்கு எல்லாக் கதவும் மூடித்தான் இருந்தது.

"ஒரு நிமிசம்மா," என்றார் இப்ராஹீம். கைவிளக்கோடு வண்டிக்கடியில் குனிந்திருந்தார். "சரஸ்வதி, கைப்பையில முகம் பாக்குற கண்ணாடி இருக்கா?"

இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு நேர்கீழே, சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கும் பாடியின் தரைத்தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று. கை நுழையாது, விரல்கூடச் சரியாக நுழையாது. கண்ணாடியின் தட்டையான விளிம்பு மட்டும் நுழைந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சரஸ்வதியை அழைத்தார்.

"என்னமோ சிவப்பாத் தெரியுது பாய். ரத்தமா?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சரஸ்வதி மறுபடி பார்த்தார். நிமிர்ந்தார். மங்கிய வெளிச்சத்தில் கடைசல் இயந்திரத்தைப் பார்த்தார். இரும்பைக் கவ்வும் பட்டறைப் பிடியைப் பார்த்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய சுத்தியல்களைப் பார்த்தார். முருகன் படத்தில் சருகாகிப்போன மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வடிவேலுவின் பக்கம் திரும்பினார்.

இப்ராஹீம் கோப்பியின் மிச்சத்தைக் குடித்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "எல்லாரும் இங்கதான் இருக்கோம். வெளியிலயும் போக முடியாது. பேசிடலாம். அண்ணாதுரை, உங்க பட்டறையில ஆயுத பூஜை நல்லாப் பண்ணுவீங்களோ?"

"அதெல்லாம் வடிவேலு பாத்துக்குவான். எதுக்கு?"

"வருசா வருசம் எங்க டன்லப் தெருவுல எனக்குப் பத்துக் கடையில இருந்து பொரிகடலை வரும். அதனால எனக்கும் கொஞ்சம் தெரியும். அன்னிக்குப் பட்டறையில இருக்குற இரும்பு ஒண்ணையும் விடமாட்டாங்க. சின்ன ஸ்பானர்ல இருந்து பெரிய மெஷின் வரைக்கும் சந்தனம் வச்சு, நடுவுல குங்குமம் வைப்பாங்க. இந்தப் பட்டறையிலயும் வச்சிருக்கு. சுத்திப் பாருங்க. இந்த வண்டியோட சேசிஸ்லயும் வச்சிருக்கு."

இப்ராஹீம் கைவிளக்கை வண்டிக்கடியில் திருப்பினார்.

"பொட்டு இருக்குறது குறுக்குச் சட்டத்தோட மேல்பக்கம். பாடிக்கு அடியில. அங்க இப்ப ஒரு விரல்கூடப் போகாது. அப்ப, பொட்டு வச்ச அன்னிக்குப் பாடி மேல இல்ல. வெறும் சேசிஸ் தனியாக் கிடந்திருக்கு."

அண்ணாதுரை அசரவில்லை. "அட, எஸ்டேட்ல அந்தக் காலத்துல டிரைவர் எவனாவது வச்சிருப்பான் பாய். அவங்களும் பூஜை போடுறவங்கதானே?"

"அப்பக்கூட பாடியத் தூக்கியிருக்கணும். கழற்றாத வண்டின்னு சொன்னது நீங்க. ஆனா அது அந்தக் காலத்துப் பொட்டு இல்ல." இப்ராஹீம் சரஸ்வதியைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

சரஸ்வதிக்கு இதற்குமேல் அடக்க முடியவில்லை. "எல்லாப் பொட்டும் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு இருக்கு பாய். வட்டம் முழுசா இல்ல. கடைசல் மெஷின்ல, சுத்தியல்ல, எல்லாத்துலயும். வண்டிக்குள்ள இருக்குறதும் அதே மாதிரி. சந்தனத்த மோதிர விரல்லதானே வைப்போம்? இவரு மோதிர விரல் நுனி அப்படித்தான் இருக்கு."

எல்லோரும் வடிவேலுவின் கையைப் பார்த்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை.

"விரல் எப்ப போச்சுப்பா?" என்று கேட்டார் இப்ராஹீம்.

"போன வருசம் தீபாவளிக்கு முந்துன வாரம்ங்க. ஃபேன் பெல்ட்ல மாட்டிக்கிச்சு."

"அதுக்கப்புறம் வந்த ஆயுத பூஜை ஒண்ணுதான். இந்த வருசம், அக்டோபர் மாசம். நவம்பர் இருபத்தஞ்சுல பூட்டை உடைச்சு எடுத்த வண்டியோட சேசிஸ், அக்டோபர்ல இந்தப் பட்டறையில பூஜைக்கு உக்காந்திருக்கு. அண்ணாதுரை, இது மார்லோ இல்ல. ஏதோ ஒரு பழைய சேசிஸ், அதுல நீங்களே வெட்டின எண், எங்கயோ கிடைச்ச மூக்கு, உப்புத்தண்ணியில ஊறவச்ச போல்ட். எல்லாம் சேர்ந்து எழுநூறு வெள்ளி பெறும்."

"டேய், இல்லன்னு சொல்லுடா," என்றார் அண்ணாதுரை. முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

வடிவேலு தண்ணீருக்குள் இரண்டு அடி முன்னே வந்தார். "ஆமாங்க. நான்தான் செஞ்சேன். மூணு மாசம் ஆச்சு." பூவம்மாவைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை, கையைப் பார்த்தே பேசினார். "என் பாஸ்போர்ட் மூணு வருசமா முதலாளி மேசையில இருக்கும்மா. செஞ்சு குடுத்தா தர்றேன்னார். எங்கம்மா செத்தப்பக்கூட ஊருக்குப் போக முடியல."

பூவம்மாவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப் போலவே இன்னொரு ஆள் இந்த அறைக்குள் முன்பே அடைபட்டுக் கிடந்திருக்கிறான் என்ற துக்கம்தான் வந்தது. பேனாவை மூடினார். பிறகு அவருக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது.

"போலின்னு தெரிஞ்சும் என்ன பாய்? பொண்டாட்டி மில்லு போயிடும்னு கதை கட்டிட்டாள்னு சங்கத்துல பேசுவாங்க. அவரு குடுத்த வாக்கு அப்படியேதான் நிக்குது."

"வாக்குக் குடுத்தவர் தவற வேண்டாம்மா. வாங்கினவர் விட்டுக்கொடுத்தாப் போதும்." இப்ராஹீம் அண்ணாதுரையின் பக்கம் திரும்பினார். "ஒரு தாள் எடுங்க. 'வண்டியை விற்க எனக்கு மனமில்லை, கனகசபை அண்ணன் என்னை மன்னிக்கணும்'னு உங்க கையால எழுதுங்க. எழுதிட்டு மேசை இழுப்பறையத் திறந்து பாஸ்போர்ட்ட எடுத்து அவர்கிட்ட குடுங்க. ரெண்டும் நடந்தா என் அறிக்கை என் அலமாரியில இருக்கும். இந்த வண்டிய வேற யாருக்காவது காட்டினீங்கன்னு கேள்விப்பட்டா, அலமாரி திறக்கும்."

அண்ணாதுரை கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே தண்ணீர். பத்திரத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகிலேயே எழுதினார்.

நாலரைக்கு மழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. வடிவேலுதான் இரும்புக் கதவைத் தூக்கினார். சட்டைப் பையில் பாஸ்போர்ட். பூவம்மா அவர் பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு செஞ்சவனுக்கு அந்தப் பொட்டு காட்டிக்குடுக்கும்னு தெரியாமயா இருந்திருக்கும்? ஒரு துணிய எடுத்து ஒரு தடவ துடைச்சிருந்தா முடிஞ்சு போயிருக்குமே தம்பி."

"சாமிக்கு வச்சத எப்படிம்மா தொடைக்கிறது?" என்றார் வடிவேலு. "நினைச்சேன். கை வரல. அது மேல அப்படியே பாடிய இறக்கிட்டேன்."

மூவரும் சந்தில் நடந்தார்கள். முன்னால் பூவம்மா, கடிதத்தை நனையாமல் தலைக்கு மேல் பிடித்தபடி. சரஸ்வதி கண்ணாடியை முந்தானையில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"காலையிலயே நான் சொன்னேன்ல, போலின்னு."

"சொன்னீங்க."

"ஒண்ணு கேக்கணும் பாய். அவன் அந்தப் பொட்டத் துடைச்சிருந்தா?"

நடந்துகொண்டே இப்ராஹீம் சொன்னார். "எண் சரி, இயந்திரம் சரி, போல்ட் சரி. கையெழுத்துப் போடுங்கம்மான்னு சொல்லியிருப்பேன்."

முன்னால் போய்க்கொண்டிருந்த பூவம்மா நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த மில் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி நடந்தார்.