கூகைமலையில் சொல்லிவிட்டு வந்த சொல்

கூகைமலைக் கோட்டைக்குப் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தது என் நண்பன் ஷமீர்தான். குவைத்திலிருந்து லீவில் வந்தவன் புதுக் கார் வாங்கியிருந்தான். அதை எங்கேயாவது தூரமாக ஓட்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. வாரம் முழுக்க அனலில் வெந்தவன், கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வெயிலில் பாறை ஏற வேண்டுமா என்று முனகினேன். அதற்குள் என் மனைவி பூர்ணிமா புளிசாதம் கட்டிவிட்டாள். எங்கள் மகள் தென்றல் தன் முயல் பொம்மையோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு என் பேச்சு யார் காதில் ஏறும்?

செஞ்சி தாண்டி, தார் ரோடு மண் ரோடாக மாறி, அதுவும் முள்ளுக்காட்டில் போய் முடிகிற இடத்தில் கூகைமலை நின்றது. உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய மலை. உச்சியில் இடிந்த மதில் தெரிந்தது. ஷமீருக்கு முழங்கால் வலி. காரை வேப்பமரத்தடியில் போட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டான்.

அடிவாரத்தில் ஒரே ஒரு மோர்க்கடை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் அம்புஜவல்லி என்று பிறகுதான் தெரிந்தது.

"மேல போயி வாய் பேசிக்கிட்டு நிக்காதீங்க. பாத்துட்டு, பேசாம எறங்கிடுங்க" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

குரங்குத் தொல்லைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறின பிறகு என் முனகல் நின்றுவிட்டது. படியோரம் சீதாப்பழப் புதர்கள், பாறை இடுக்கில் மயிலிறகு, உச்சியில் ஒரு சுனை, அதன் பச்சைத் தண்ணீர்மேல் தட்டான்கள். கீழே ஏரிகளெல்லாம் வெயிலில் தகடு தகடாக மின்னின. பூர்ணிமா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இங்கயே இருந்துடலாம் போல இருக்குதுங்க" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

சுனைக்குப் பின்னால் நெற்களஞ்சியம் இருந்தது. ஜன்னல் இல்லாத நீளமான கல் கட்டடம். குனிந்து நுழைகிற மாதிரி ஒரே வாசல், கதவு எப்போதோ போய்விட்டது. நிலைக்கல்லில் குறுக்குக் கட்டை போடும் குழிகள் மட்டும் மிச்சம். அவை வெளிப்பக்கம் இருந்தன. நெல்லை வெளியில்தானே பூட்டுவார்கள் என்று அதையும் விட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து வாடை வந்தது. நனைந்த நெல்மூட்டை அவிந்து கிடக்கிற வாடை. அங்கே கடைசியாக நெல் கொட்டி எத்தனை நூறு வருஷம் ஆகியிருக்கும்?

நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தென்றல் அந்த வாசலிலிருந்து வெளியே வந்தாள். கையில் முயல் இல்லை. எங்கள் கம்பெனியில் காதோரம் மெருகு வழிந்து வீணாகிப்போன வெள்ளைப் பீங்கான் முயல் அது. அதைக் கீழே வைக்காமல் தூங்குகிறவள்.

"முயலு எங்கடி?"

"அக்காகிட்ட குடுத்துட்டேம்ப்பா."

போனில் லைட் போட்டு உள்ளே நுழைந்து பார்த்தேன். நாலு சுவர், மேலே வௌவால்கள். ஆளும் இல்லை, முயலும் இல்லை. வெளியே வந்து, "கெளம்பலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தென்றல் ஓடிப்போய் அந்த வாசலைப் பார்த்து நின்று, வளர்த்த விதத்துக்குக் குறை வைக்காமல் சொன்னாள்.

"போயிட்டு வரேங்க்கா."

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஆனால் எங்கள் வீட்டில் அது சட்டம். பூர்ணிமாவின் அண்ணன் கோபத்தில் "நான் போறேன்" என்று பைக்கை உதைத்துக் கிளம்பினவன், உளுந்தூர்பேட்டை நாலுவழிச் சாலையில் போயே போய்விட்டான். ஒருமுறை தென்றல் வாய்தவறி அந்தச் சொல்லைச் சொல்லி, தாயிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து பஸ் கண்டக்டரிடம்கூட 'போயிட்டு வரேன்' சொல்லித்தான் இறங்குவாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வா."

எதிரொலி என்று பூர்ணிமாவிடம் சொன்னேன். இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எதிரொலி சொன்னதைத் திருப்பிச் சொல்லும். சொன்னதற்குப் பதில் சொல்லாது.

மறுநாள் உச்சிவேளையில் ஸ்கூலிலிருந்து போன். தென்றல் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து, "நேரமாச்சு, தெறங்க" என்று வாட்ச்மேனிடம் சொன்னாளாம். அடுத்த நாள் எப்படியோ வெளியே வந்துவிட்டாள். பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்டக்டரிடம், "கோட்டைக்குப் போவுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றவளை, தெரிந்த கடைக்காரர் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்.

பிறகு வீட்டில் வைத்துப் பூட்டினோம்.

வெயில் உச்சிக்கு வந்ததும் எழுந்துவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மூடின கதவில் நெற்றி படுகிற மாதிரி போய் நிற்பாள். கத்தமாட்டாள், அழமாட்டாள். நகத்தால் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருப்பாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தாலும் நிறுத்தமாட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைக்கு உள்ளங்கால் பாறையில் நடந்ததுபோலக் கிழிந்திருந்தது. சோறு இறங்கவில்லை. உச்சந்தலையை முகர்ந்தால் அந்த அவிந்த நெல் வாடை.

கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டினோம். ஷமீரின் அம்மா ஜைத்தூன் பீவி ஓதி ஊதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. என் பிள்ளை என் கண்ணெதிரே வற்றிக்கொண்டே போனாள். ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூளையில் நின்று வேலை செய்கிறவன் நான். ஒரு கதவைச் சுரண்டுகிற சத்தத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டேன்.

"யாருடி உன்னக் கூப்புடறது?"

"யாரும் கூப்புடலப்பா" என்றாள். "நாந்தான வரேன்னு சொன்னேன்."

அடுப்படியில் பூர்ணிமாவின் கையிலிருந்து பாத்திரம் விழுந்தது.

மோர்க்கடைக்காரி சொன்னது அப்போதுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது; போன் போட்டதும் ஷமீர் காரை எடுத்தான். அம்புஜவல்லி எங்களைப் பார்த்ததும், பிறகு என் தோளில் துவண்டு கிடந்தவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

பூர்ணிமா தலையாட்டினாள்.

"அந்தக் காலத்துல கோட்டையில சண்டை நடந்தப்ப ஒரு பொண்ண அந்த நெல்லுக் கட்டடத்துல ஒளிச்சு வச்சு, வெளியில கட்டையப் போட்டானாம் ஒருத்தன். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவன் வரவேயில்ல. அதுலேருந்து வரேன்னு யாரு சொன்னாலும் அது நம்பிக்கிடும். நாங்க யாரும் மேல போனா வாயத் தொறக்கமாட்டோம்."

"இப்ப நாங்க என்னங்க செய்யறது?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பூர்ணிமா.

"சொன்ன வாயாலயே போறேன்னு சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம எறங்கிடணும். எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதாம்மா."

"அப்படிச் சொல்லித் தப்பிச்சவங்க இருக்காங்களா?" என்றேன்.

அவள் மோர்ப்பானையின் மூடியைச் சரியாக வைத்தாள்.

தென்றலைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே போகப் போக அவளுக்கு உடம்பு தேறியது. பாதி மலையில் தலையைத் தூக்கினாள். சுனைக்கு வந்தபோது கன்னத்தில் ரத்தம் ஓடியது. களஞ்சியம் கண்ணில் பட்டதும் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு அது! அதைப் பார்த்து அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காற்று நின்றிருந்தது. தட்டான்கள்கூட இல்லை.

வாசலுக்குள் இருட்டு. அந்த இருட்டில் ஏதோ ஒன்று தரையோடு உராய்ந்து, முன்னால் வந்து நின்றது. புடவையின் கரை மண்ணில் இழுபடுகிற சத்தம்.

தென்றல் என் பிடியிலிருந்து நழுவப் பார்த்தாள். பூர்ணிமா அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுடி கண்ணு. போறேன்னு சொல்லு."

தென்றல் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"நீ அடிப்ப" என்றாள் மெதுவாக.

பூர்ணிமாவுக்கு அங்கேயே மனசு உடைந்துவிட்டது. பிள்ளையின் கையை எடுத்துத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "அடிக்கமாட்டேன்டி. அம்மா இனிமே அடிக்கவே மாட்டேன். சொல்லு. உங்க மாமன் சொன்ன மாதிரி சத்தமா சொல்லு."

தென்றல் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"நான் போறேன்."

உராய்வு நின்றது.

உள்ளே யாரோ சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்கள். அழுகை கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. சொல்ல வெட்கமில்லை, அந்த நேரத்தில் பயத்தைவிட எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். பின்னால் பூர்ணிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள், ஒரு நிமிஷம் நின்று தழுதழுத்த குரலில் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. சின்னப் புள்ள, தெரியாம சொல்லிட்டா. நாங்க வரோங்க... இல்ல, போறோம். ஒருநாளு நீங்க வூட்டுக்கு வாங்க."

அது என் காதில் விழுந்தது. விழுந்தும் ஒன்றும் தோன்றவில்லை. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், அதுவும் மனசு நோகக் கிளம்பினால், நம் வாயில் வருகிற சொல்தானே அது.

அழுகை நின்றுவிட்டது. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

தென்றல் வழியிலேயே தூங்கிவிட்டாள். நான் முன் சீட்டில் ஷமீர் பக்கம் உட்கார்ந்தேன். பூர்ணிமா பின்னால் அவளை மடியில் போட்டுக்கொண்டாள். ஊர் நெருங்கும்வரை ஷமீர் பின்சீட்டு தெரிகிற கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"தங்கச்சி, பின்னாடி எடம் பத்துதா?"

"ரெண்டு பேருக்கு இது போதாதாண்ணே?" என்றாள் பூர்ணிமா.

அவன் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினான். "நெல்லு மூட்ட ஏத்துன மாதிரி வாடை அடிக்குது மாப்ள" என்றான். தென்றல் தூக்கத்திலேயே தாயைத் தள்ளினாள். "கொஞ்சம் ஒதுங்கி உக்காரும்மா."

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள். தோசை ஊற்ற ஊற்றத் தின்றாள். நானும் பூர்ணிமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதோம். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, அன்றுதான் கண்ணசந்தோம்.

காலையில் கோலம் போடப் போன பூர்ணிமா, "ஏங்க" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் என் தூக்கம் கலைந்தது.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. நிலைப்படிக்கு உள்பக்கம், வீட்டைப் பார்த்தபடி, வெள்ளை முயல் உட்கார்ந்திருந்தது. காதோரம் வழிந்த அதே மெருகு. அதன்மேல் கறுத்துப்போன நெல்மணிகள் ஒட்டியிருந்தன.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

"நான் வாங்கன்னு சொல்லிட்டேங்க" என்றாள் பூர்ணிமா. அவள் கையிலிருந்த கோலமாவு கொட்டிக்கொண்டே இருந்தது. "வூட்டுக்கு வாங்கன்னு, நாந்தாங்க சொன்னேன்."

அப்போது உள்ளறையிலிருந்து தென்றல் வந்தாள். குளித்து, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டு, பை மாட்டியிருந்தாள். முகத்தில் ஒரு நோயும் இல்லை. தலை இறுக்கமாக, ஒரு மயிர் பிசகாமல், நாங்கள் எங்கும் பார்த்திராத ஏதோ பழைய விதமாகப் பின்னியிருந்தது. பூர்ணிமா அன்று அவள் தலையைத் தொடவே இல்லை.

"யாருடி ஒனக்குத் தல பின்னுனது?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். வலது கை, உயரமான யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல, மேலே தூக்கியிருந்தது. நான் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். படியில் நின்று, வளர்த்த விதத்துக்குக் குறை வைக்காமல், எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வரோம்மா" என்றாள்.