டேங்க் தெருப் பாட்டைக் கசியவிட்டது யார்?

ஜெபா என்ற அந்தப் புது அக்காவை மாரீஸ்வரிக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, நம்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

பின்னே என்ன? காமயகவுண்டன்பட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்று திராட்சை வாங்க வருவார்கள், இல்லை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவார்கள். இந்த அக்கா இரண்டுக்கும் வரவில்லை. போடியில் வீடு இருக்கிறதாம். அப்பா ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறாராம். அதையெல்லாம் விட்டுவிட்டு, இங்கே ஒரு மாடி அறையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறாள். முதுகில் கிடார் பை. கையில் சின்னதாக ஒரு கறுப்பு மிஷின். அதன் தலையில் பூனை வாலை ஒட்டவைத்ததுபோல் புசுபுசுவென்று ஒரு மைக்.

"நீங்க என்ன வேலை பாக்குறீக?" என்று குழாயடியில் சந்தனம்மாள் கேட்டாள். சந்தனம்மாள் மாரீஸ்வரிக்கு அத்தை முறை. எதையும் நேராகக் கேட்டுவிடுகிற அத்தை.

"பாட்டு எழுதுவேன்க்கா. நானே மெட்டுப் போட்டு நானே பாடுவேன்."

"எந்தப் படத்துல பாடியிருக்கீக?"

"படத்துல பாடலைக்கா."

"டிவியில?"

"அதுலயும் இல்ல. நானே ரெக்கார்டு பண்ணி நெட்டுல போடுவேன். யாராவது கூப்பிட்டா போய்ப் பாடுவேன். காலேஜு, புத்தகக் கண்காட்சி, டீக்கடை மாடி, எங்கன கூப்பிட்டாலும் சரி."

அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மாரீஸ்வரியின் காதில், "படமும் இல்லையாம், டிவியும் இல்லையாம். அப்புறம் என்னத்தப் பாட்டுக்காரி?" என்றாள்.

மாரீஸ்வரி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு ஆளைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கண் இமைக்க மாட்டாள். அன்றிலிருந்து ஜெபாவைக் கவனித்தாள்.

கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. திராட்சைப் பந்தலுக்குள் கத்தரிக்கோல் 'நறுக் நறுக்' என்று குலை வெட்டும்போது அந்த அக்கா மிஷினை நீட்டிக்கொண்டு நிற்பாள். வாய்க்கால் மடைப்பக்கம் குத்தவைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ரேஷன் கடை இரும்புக் கதவைத் திறந்து மூடச் சொல்லி, மறுபடி திறந்து மூடச் சொல்வாள். ஒருநாள் காலையில் கம்பம் போகிற டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கிறவர்கள் செய்கிற வேலையா இது?

இதெல்லாம் போகட்டும். முளைப்பாரி சமயத்தில் வந்திருக்கிறாளே, அதுதான் மாரீஸ்வரியை உறுத்தியது.

முளைப்பாரி என்றால் அந்த ஊரில் இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு போரே நடக்கும். ஒரு பக்கம் தண்ணி டேங்க் தெரு. இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத் தெரு. தெருவுக்கு ஒரு வீட்டை இருட்டாக்கி, உள்ளே மண் பானை ஓடுகளில் நவதானியம் விதைத்து முளைக்க வைப்பார்கள். அந்த வீட்டுக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட மாட்டார்கள். சாயங்காலமானால் பெண்கள் உள்ளே போய்க் கும்மியடித்துப் பழகுவார்கள். வருடா வருடம் புதுப் பாட்டு, புது மெட்டு. திருவிழா அன்று கோயில் பொட்டலில் பாடும்வரை அதைப் பற்றி வெளியே ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது.

டேங்க் தெருவுக்குப் பாட்டுக் கட்டுவது சந்தனம்மாள் அத்தை. இந்த வருடம் அவள் போட்ட மெட்டு இருக்கிறதே, ஒருமுறை காதில் விழுந்தால் போதும். சோறு சாப்பிடும்போது வரும். பல் தேய்க்கும்போது வரும். பரீட்சை எழுதும்போதுகூட வரும்.

"இந்த வருசம் பள்ளிக்கூடத் தெருக்காரிக வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணும்!" என்று அத்தை சொல்லியிருந்தாள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வெல்லம் வாங்கி வரச் சொன்னாள். பள்ளிக்கூடத் தெரு வழியாக மாரீஸ்வரி நடந்தாள். அங்கே முளைப்பாரி வீட்டின் சாத்திய கதவுக்குள்ளே கும்மிச் சத்தம் கேட்டது.

மாரீஸ்வரியின் கால் அப்படியே நின்றுவிட்டது. சொற்கள் வேறு. ஆனால் மெட்டு? அதே மெட்டு! அத்தை போட்ட மெட்டு!

வெல்லத்தை மறந்து ஓட்டமாக ஓடி வந்தாள்.

"அத்தை! நம்ம மெட்டை அங்கன பாடுறாக!"

கும்மி நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தையின் முகம் கறுத்துப்போனது. ராத்திரி ராத்திரியாக யோசித்துப் போட்ட மெட்டு அது. கோயில் பொட்டலில் முதலில் பாடப்போவது பள்ளிக்கூடத் தெருதான். அவர்கள் பாடிய பிறகு அதையே இவர்கள் பாடினால், திருடிப் பாடுகிறார்கள் என்று ஊரே சிரிக்கும்.

"நம்ம பாட்டு எப்படி அங்கன போச்சு?" என்று அத்தை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மாரீஸ்வரி. "அந்த மிஷின் அக்காதான். சன்னலுக்கு வெளியில நின்னு புடிச்சிருப்பாக."

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். "நேத்து இந்தப் பக்கம் நடந்து போனா." "பள்ளிக்கூடத் தெருக்காரிகளோட சிரிச்சுப் பேசுனா." திருவிழா அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து கும்மி கேட்க வேண்டும் என்று அந்த அக்கா கெஞ்சிக் கேட்டிருந்தாள். அதற்காகத்தான் ஒரு மாதமாக இங்கே இருந்தாள்.

"கும்மியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலையில அறையக் காலி பண்ணச் சொல்லிருவோம்" என்றாள் அத்தை.

மாரீஸ்வரிக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இருட்டியதும் ஜெபாவின் மாடிப்படி ஏறினாள்.

ஜெபா தரையில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். "வாத்தா, உள்ள வா" என்றாள்.

"அந்த மிஷின்ல என்னென்ன இருக்கு? நான் கேக்கணும்."

"கேளேன்" என்று ஜெபா ஹெட்போனையே கொடுத்துவிட்டாள். திருட்டுப் பொருள் வைத்திருக்கிறவள் இப்படி உடனே கொடுப்பாளா? மாரீஸ்வரிக்கு அதுவும் ஒரு தந்திரமாகத்தான் பட்டது.

காதில் கத்தரிக்கோல் 'நறுக் நறுக்' என்றது. மடையில் தண்ணீர் விழுந்தது. இரும்புக் கதவு முனகியது.

"இந்தக் கத்திரிச் சத்தம் இருக்குல்ல, அதுதான் என் பாட்டுக்குத் தாளம்" என்றாள் ஜெபா. "ஒரு ஊருக்குப் போவேன். ஒரு மாசம் இருப்பேன். அங்கன என்ன சத்தம் இருக்குன்னு காது குடுப்பேன். அப்புறந்தான் என் சொந்தப் பாட்டை எழுத ஆரம்பிப்பேன். மத்தவுக பாட்டை எடுத்துக்க மாட்டேன்."

"இதுக்கா பாட்டுக்காரின்னு பேரு?"

ஜெபா சிரித்துவிட்டாள். "பேங்கு வேலைய விட்டுட்டு மொதப் பாட்டைப் போட்டேன். மொத்தம் பதினோரு பேர் கேட்டாக. அதுல ஒன்பது பேரு எங்க சொந்தக்காரங்க. இப்ப பரவால்ல, தெரியாதவுகளும் கேக்குறாக."

பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எதிரே அதற்குரியவரின் பெயர் எழுதியிருந்தது. கத்தரிக்கோல்: ஈஸ்வரபாண்டி. இரும்புக் கதவு: கிறிஸ்டோபர்.

"கேட்டுட்டுத்தான் வச்சுக்குவேன். பாட்டு வரும்போது அவுக பேரும் வரும்" என்றாள் ஜெபா. "ஒண்ணு மட்டும் பேரு தெரியல. அதையும் கேளு."

அடுத்து பஸ் சத்தம் வந்தது. கண்டக்டர் விசில். கியர் மாற்றுகிற உறுமல். அதற்கு அடியில் 'டிக்கு டிக்கு டிக்' என்று டிபன் பாக்ஸைத் தட்டுகிற ஓசை. கூடவே மெதுவாக ஒரு முனகல்.

கும்மி மெட்டு!

'மாட்டிக்கிட்டீகளா!' என்று மாரீஸ்வரி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் காதில் ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

"ஏ புள்ள, நல்லாருக்கே. இன்னொருக்கா பாடு."

"எதைப் பாட?"

"இப்ப முனங்குனியே, அது."

"நான் எங்க முனங்குனேன்?"

அதைச் சொல்லி முடித்ததும், மறுபடி 'டிக்கு டிக்கு டிக்.' மறுபடி அதே மெட்டு.

இன்னொருக்கா பாடச் சொன்ன குரல் நதியாவுடையது. மாரீஸ்வரியோடு தினமும் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து கம்பம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். பள்ளிக்கூடத் தெருவில் பாட்டுக் கட்டுகிற கஸ்தூரியம்மாளின் மகள். "நான் எங்க முனங்குனேன்" என்று கேட்ட அந்தப் புத்திசாலி யாரென்று சொல்லவும் வேண்டுமா?

எட்டு நாளாக, போக வர, பக்கத்தில் உட்காரவைத்துக் கும்மிப் பாடம் எடுத்திருக்கிறாள்!

"யூனிபார்ம் போட்ட புள்ளைகள்ல யாரோ ஒண்ணு" என்றாள் ஜெபா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி ரெட்டைச் சடை. பின்னாலருந்து எப்படிக் கண்டுபுடிக்க? யாருன்னு தெரியாட்டி இன்னைக்கி அழிச்சிரணும். கேக்காம வச்சுக்கக் கூடாதுல்ல?"

"அழிச்சிருங்க" என்றாள் மாரீஸ்வரி சட்டென்று.

ஜெபா மிஷினை வாங்கினாள். கட்டை விரல் பட்டனுக்கு மேலே போனது. அமுக்கிவிட்டால் முடிந்தது. ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"சரி, அழிச்சிட்டுத் துணிய மடிக்கணும்" என்றாள் ஜெபா. "ஏனோ தெரியல, இன்னைக்கிச் சாயங்காலத்துலருந்து யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாக. காலி பண்ணச் சொல்லுவாக போல. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னுதான் தெரியல."

அவள் கண் கலங்கியிருந்தது. அதை மாரீஸ்வரியால் பார்க்க முடியவில்லை.

"அழிக்காதீகக்கா!" என்று கத்தினாள். "அது நான்தான். உங்களப் பத்திச் சொன்னதும் நான்தான்."

முழுவதையும் சொல்லி முடித்தபோது மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. ஜெபா மிஷினை அணைத்துக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பிறகு, "எங்கிட்டச் சொல்லிட்ட. அங்கன யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

மாரீஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

முளைப்பாரி வீட்டில் பெண்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் நின்று மாரீஸ்வரி சொன்னாள்.

"ஊருக்கு முந்தி ஓடியாந்து துப்புச் சொன்னவளே நீதான!" என்றாள் அத்தை. "ஒரு மனுசியத் தெருவுல நிறுத்தப் பாத்தோமே!"

"தப்புத்தான் அத்தை."

"இப்ப மெட்டும் போச்சு. ரெண்டு நாள்ல நான் எங்க போய் இன்னொண்ணு போட?"

மாரீஸ்வரி மாடிப்படி இறங்கும்போதே அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வேற மெட்டு வேணாம் அத்தை. அவுக பாடி முடிக்கட்டும். அதே மெட்டுல நாம எசப்பாட்டுப் பாடுவோம். அவுக கேக்குற கேள்விக்குப் பதில் சொன்னா, திருடிப் பாடுனதுன்னு யாரு சொல்ல முடியும்? மொதப் பதிலை நான் பாடுறேன்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போனாள். "ஏத்தா ஜெபா, நாங்க அவசரப்பட்டுட்டோம். நீ போகாத. கும்மிக்கு வந்து முன்னால உக்காரு" என்றாள்.

திருவிழா அன்று கோயில் பொட்டலில் ஊரே கூடியிருந்தது. பள்ளிக்கூடத் தெருப் பெண்கள் வட்டமாக நின்று, கஸ்தூரியம்மாள் எடுத்துக்கொடுக்கப் பாடினார்கள்.

"பந்தல் ஏறிப் பூத்த கொடி பாக்க வந்தீகளா – எங்க
பள்ளிக்கூடத் தெருப் பாட்டைக் கேக்க வந்தீகளா?"

ஜனங்கள் கை தட்டினார்கள். அடுத்து டேங்க் தெரு. ஜெபா முன் வரிசையில் இருந்தாள். மாரீஸ்வரி ஒரு அடி முன்னால் வந்து, அதே மெட்டில் எடுத்தாள்.

"கேக்க வந்தோம் கேக்க வந்தோம் எங்க மெட்டத்தான் – அதை
டவுனு பஸ்ஸில் சிந்திவிட்ட கழுதை நாந்தானே!"

பொட்டல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கஸ்தூரியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டில் கேட்ட மெட்டு எப்படி இவர்கள் மெட்டாகும்? அவள் திரும்பித் தன் மகளைப் பார்த்தாள். நதியாவின் முகம் சிவந்திருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவும்போது அம்மா காதில் விழ அந்த மெட்டைப் பாடியது அவள்தானே.

எசப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் நிற்பது பள்ளிக்கூடத் தெருவுக்கு அவமானம். நதியா பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டத்தைவிட்டு வெளியே வந்தாள்.

"சிந்துனதை நீயி சொன்னா நானும் சொல்லுவேன் – அதை
அள்ளிக்கிட்டு வீடு சேத்த கழுதை நாந்தானே!"

இப்போது கஸ்தூரியம்மாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தெரு ஒன்று கேட்க, அந்தத் தெரு ஒன்று சொல்ல, கும்மி முடிய மறுத்தது. பூசாரி இரண்டு முறை மணியடித்துப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சந்தனம்மாள் அத்தை ஆடிக்கொண்டே ஜெபா பக்கம் வந்தாள். ஜெபா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா, மிஷினை எடுக்கலையா?"

"நீங்க இன்னும் சரின்னு சொல்லலையேக்கா."

"சரி, சரி, ஆயிரம் சரி! எடு வெளியில!" என்று அத்தை கும்மியை விடாமல் கத்தினாள். "நோட்டையும் எடு. அந்த ரெண்டு கழுதைக பேரையும் மொத வரியில எழுது!"