தோளிலிருந்து இறங்கிய துணி

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதி, கானா நாட்டின் குமாசி நகரைக் கனவிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை, மாமரம் எது மதில் எது என்று தெரியாத அந்த வெண்மைக்குள்ளிருந்து போமா நடந்து வந்தாள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அக்கியா அம்மாள் வாசலில் கம்பங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய டாக்ஸி டிரைவரும், யாரும் நியமிக்காத துணைத் துப்பறிவாளனுமான போன்சு, ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான்.

"அம்மா, நான் எம் புருஷன்கிட்ட போய்ச் சேர மாட்டேன் போலிருக்கு" என்றாள் போமா.

அவள் கணவனுக்கு அமெரிக்காவில் கிடங்கு வேலை. மனைவியை அழைத்துக்கொள்ள அந்த நாடு கேட்கிற வருமானம் அவனுக்கு இல்லை. அங்கேயே வாழ்கிற, நன்றாகச் சம்பாதிக்கிற இன்னொருவர், 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்திட்டு வரி கட்டிய அத்தாட்சியும் தர வேண்டும். அங்கேயே வாழும் கணவனின் தாய்மாமன் ஆசமோவா அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒரு சாவுக்காக ஊர் வந்தவர், அந்தத் தாள்கள் இருந்த உறையை நேற்று துக்க வீட்டில் தொலைத்துவிட்டார். தூதரகத்தில் நேர்காணல் வியாழக்கிழமை.

"சாவு வீட்டுல நடந்ததை வரிசையாச் சொல்லும்மா."

"கார்லேர்ந்து இறங்கறப்பவே உறை இடது கக்கத்துல, தோள்ல போத்தின துணிக்குள்ள இருந்துச்சாம். நேரா ஊர்த் தலைவரைக் கும்பிடப் போனாரு. அப்புறம் எல்லாருக்கும் கை குடுத்தாரு. தண்ணி பாக்கெட் விக்கிறவ ஒருத்தி உரசிட்டுப் போனாளாம். உக்காந்தவரு, 'ஐயோ, உறை!'ன்னு அலறினாரு."

போன்சுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அம்மா, இது சர்வதேசக் கும்பல்!"

"கும்பலுக்கு வரி கட்டற ஆசை வந்துடுச்சாக்கும்? அந்த வீடியோவைப் போடு."

நேற்றைய வீடியோ ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. சிவப்பும் கறுப்புமான துக்கத் துணிகள் புழுதியில் மிதந்தன. பெரியவர்களுக்கு மரியாதை செய்யும் ஊர் வழக்கப்படி, ஆசமோவா செருப்பைக் கழற்றி, தோள்துணியை இடுப்புவரை இறக்கி, தலைவர் முன் குனிந்தார். வெற்று மார்பில் தங்கச் சங்கிலி மின்னியது. "எவ்வளவு கனம் பாருங்கம்மா!" என்று போன்சு வாயைப் பிளந்தான். அம்மாள் கஞ்சியை முடித்துவிட்டு எழுந்தார்.

துக்க வீட்டில் ஒலிபெருக்கி மொய் வாசித்துக்கொண்டிருந்தது. ஆசமோவா பந்தலின் நடுவே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்டாட்டி செர்வா கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கா. நான்தான் சோறு போடறேன்."

அம்மாள் அவரைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்தார். போமாவும் போன்சுவும் கூடப் போனார்கள்.

"ஐயா, தலைவர் முன்னாடி துணியை இறக்கினீங்க. உங்க ரெண்டு கக்கமும் ஊருக்கே தெரிஞ்சுது. கை ரெண்டும் காலி. உறை கீழயும் விழல. தண்ணிக்காரி உரசினது அதுக்கப்புறம். இல்லாததை அவ எப்படி உருவுவா?"

ஆசமோவா தொண்டையைச் செருமினார். "அந்த வழக்கமெல்லாம் எனக்கு மறந்தே போச்சு..."

"உங்க உடம்பு மறக்கலியே. பொய்தான் மறந்துடுச்சு. உறைன்னு ஒண்ணு அமெரிக்காவுலேர்ந்து கிளம்பவே இல்ல, இல்லையா?"

பெரிய மனிதர் காற்றுப்போன டயர்போலத் தணிந்தார். "வேலை போய் ரெண்டு வருஷமாச்சு. நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன். செர்வா நர்ஸு. அவதான் சோறு போடறா."

"அப்ப சங்கிலி?" என்றான் போன்சு, மனம் உடைந்து.

"வாடகை."

போமா அழவில்லை, வெறுமனே அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன் அதற்குள் எங்கோ கரைந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"செர்வாவுக்குப் போன் போடுங்க" என்றார் அம்மாள்.

அங்கே இன்னும் விடியவில்லை. செர்வா இரவு டூட்டியில் இருந்தாள். எல்லாம் கேட்டு முடித்ததும், "அடிப் பைத்தியம், என்கிட்ட ஏன் கேக்கல?" என்றாள்.

"உங்களுக்குச் சம்பாத்தியமே இல்லைன்னு மாமா சொன்னாரு அத்தை" என்றாள் போமா.

கடலுக்கு அப்பால் நெடுநேரம் சிரிப்பொலி. "நான் கையெழுத்துப் போடறேன். தாளெல்லாம் இன்னைக்கே மெயில்ல வந்துடும். ஆனா பொறுப்பு யாருன்னு ஒலிபெருக்கியில சொல்லணும். அந்த மனுஷனே சொல்லணும். தண்ணி விக்கிற பொண்ணுகிட்ட மன்னிப்பும் கேக்கணும்."

மொய் வாசிப்பு நின்றது. புழுதிக்குள் மங்கலாக ஓர் உருவம் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தது. தண்ணிக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். ஆசமோவா முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "போமாவுக்குப் பொறுப்பு... எம் மனைவி செர்வா" என்றார்.

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் கை தானாகவே தோளுக்குப் போய், துணியை இடுப்புவரை இறக்கியது.