முள்ளைத் தூக்கிய பிறகும்

காலை ராக்கெட் கிளம்பியது. அலமாரியில் டம்ளர்கள் குதித்தன, சுவரில் இருந்த பல்லி ஓடியது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஏவுதளம் வந்ததிலிருந்து எல்லார் காதுக்குள்ளும் செவிவடி பொருத்தியாயிற்று. படித்தவர்கள் ஃபில்டர் என்பார்கள். வேண்டாத ஓசையை வடித்துவிட்டு வேண்டியதை உள்ளே விடும். எது வேண்டாதது என்று எவன் முடிவு பண்ணுகிறான் என்பது சவரிமுத்துவின் பழைய சந்தேகம்.

அன்று புதுச் சந்தேகம் ஒன்று சேர்ந்துகொண்டது. டிஜிட்டல் பிரதி எடுக்க மழைக்கு முன்னால் வாங்கிப்போன அவருடைய அரக்கு இசைத்தட்டை, ஒலிக்காப்பக டெக்னீஷியன் பொன்மாடன் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். சவரிமுத்து கிராமபோனுக்குச் சாவி கொடுத்து முள்ளை வைத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

“இது என் தட்டு இல்லவே. மாத்திட்டீரு.”

“ஓரத்து விரிசலப் பாருங்க அண்ணாச்சி. உங்க தட்டேதான்.”

“விரிசல் போட எவனுக்குத் தெரியாது? என் தட்டு எண்ணெச் சட்டி மாதிரி பொரியும். மேல ஏறுற இடத்துல பாடுறவளுக்கு மூச்சு வாங்கும். செருமிட்டுத்தான் மறுபடி எடுப்பா. இவ என்ன, மூச்சே விடாமப் பாடுதா? உம்ம டிஜிட்டல் மாதிரி வழுவழுன்னு இருக்கு.”

“அவர ஏன் ஏசுதீங்க?” என்றாள் மனைவி அமலோற்பவம். மணி அடித்தது போன்ற குரல். வாசல் பெருக்கினவள் பாதியிலேயே வாரியலைப் போட்டுவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாக இப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள், கேட்டால் கணீரென்று “ஒண்ணுமில்ல” என்பாள். வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்றே சவரிமுத்து நினைத்திருந்தார்.

பொன்மாடன் நெற்றியைத் தேய்த்தார். “மழைக்கு முன்னால செவிவடிக்கெல்லாம் அப்டேட் வந்துச்சுல்லா? அதுக்கு முந்தி ராக்கெட்டு, ஹாரன் இதைத்தான் வடிச்சுது. இப்போ கரகரப்பு, செருமலு எல்லாத்தையும் எடுத்துரும். கேக்கச் சொகமா இருக்கணும்னு.”

“அப்போ கழத்தும்.”

“சட்டப்படி கூடாது அண்ணாச்சி.”

“தட்ட மாத்தலன்னு நிரூபிக்கணும்லா? கழத்தும்வே. அடுத்த ராக்கெட்டு சாயங்காலந்தான்.”

பொன்மாடன் இடுக்கியால் சவரிமுத்துவின் காதிலிருந்த செவிவடி இரண்டையும் எடுத்தார். முள் மறுபடி இறங்கியது. தட்டு பொரிந்தது. பாடுகிறவள் மேலே ஏறினாள், மூச்சு வாங்கினாள், செருமினாள், மறுபடி எடுத்தாள்.

“என் தட்டுதான்,” என்று முனகிவிட்டு முள்ளைத் தூக்கினார் சவரிமுத்து.

பாட்டு நின்றது. மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

அவர் கிராமபோன் குழாயைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு நிலைப்படியைப் பார்த்தார்.

“தட்டு… உங்களது… தானா?” என்றாள் அமலோற்பவம். ஓட்டைத் துருத்தி ஊதுவது போல இருந்தது.

“ஏட்டி, எத்தன நாளா இப்படி?”

“எப்… படி?”

அவள் காதில் அவள் குரல் இன்னும் மணியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. சவரிமுத்து பொன்மாடனைப் பார்த்தார். பொன்மாடன் இடுக்கியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

இரண்டாவது செவிவடியும் வெளியே வந்ததும் அமலோற்பவம் திடுக்கிட்டாள்.

“யாருக்கு… இப்படி… மூச்சு… இளைக்கு?” என்று கேட்டபடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை.