முந்திக்கொண்ட மெஷின்

"ஐயோ... அருளண்ணே!"

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள் செல்வி.

இரும்பைக் கடையும் சி.என்.சி. மெஷினின் திறந்து கிடந்த கதவோரம் ஆபரேட்டர் அருள்முருகன் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் உடைந்த கட்டர் துண்டு! உயிர் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் சுடர்விழி வந்தாள். ஏட்டு பாவாடை சிவப்புத் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"ஆக்சிடென்ட் மேடம்!" என்றான் சூப்பர்வைசர் கமலக்கண்ணன். "புரோகிராம் போடுற பொண்ணு இவ. கட்டர் அளவைத் தப்பாக் குடுத்துட்டா. உள்ள மாட்டியிருக்கிற இரும்பு பீஸ்ல மோதி ஒடைஞ்சு தெறிச்சிடுச்சு. பாவம், இங்கதான் எட்டிப் பாத்துக்கினு இருந்திருக்கான்."

"மோதப் போனா மெஷின் நிக்காதா?"

செல்வி கேவினாள்.

"நிக்கும் மேடம். போற பாதைய முன்னாடியே பாத்து, கட்டர் இடிக்கும்னா அலாரம் அடிச்சு நின்னுடும். சும்மா சும்மா நிக்குதேன்னு... காலையில நாந்தான் அந்த செக்க ஆஃப் பண்ணேன்! அண்ணனை நாந்தான் கொன்னுட்டேன்!"

"அவளே ஒத்துக்கிட்டா. கூட்டிக்கினு போங்க" என்றான் கமலக்கண்ணன்.

போச்சு! வாழ வேண்டிய வயதில் ஜெயில்!

சுடர்விழி அசையவில்லை.

"செல்வி, வேற கட்டர் மாட்டு. அதே பீஸ், உள்ள இருக்கிற அதே அளவு நம்பர். திரும்ப ஓட்டு."

"எதுக்கு மேடம் வெட்டி வேலை?" கமலக்கண்ணனின் குரல் எகிறியது.

"ஓட்டு!"

செல்வி பச்சை பட்டனை அழுத்திவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஓடினாள். ஏட்டு அவளுக்கு முன்பே அங்கே இருந்தார்! சுடர்விழியும் ஒதுங்கினாள்.

'விர்ர்ர்...'

கட்டர் சாய்ந்தது... இறங்கியது... பீஸை நெருங்கியது...

செல்வி காதைப் பொத்திக்கொண்டாள்.

'பீப்! பீப்!'

சிவப்பு விளக்கு! பீஸைத் தொடாமலே நின்றுவிட்டது கட்டர்.

"செக் ஆன்ல இருக்கு!" செல்விக்கு உயிர் வந்தது. "அருளண்ணன் திரும்பப் போட்டிருக்காரு... அப்ப, மோதவே இல்லியா மேடம்?"

"இல்ல. அது ஒருத்தருக்கு முன்னாடியே தெரியும்." சுடர்விழி திரும்பினாள். "கமலக்கண்ணன்! போலீஸே தூணுக்குப் பின்னாடி பதுங்குனோம். நீங்க மட்டும் அருள் செத்த அதே கதவோரத்துல ஜம்முனு நின்னீங்களே... எப்படி?"

"அது... அது வந்து..."

"நான் சொல்லவா? செல்வி போட்ட நம்பரை மாத்தி மோத விட்டுப் பாத்தீங்க. மெஷின் நின்னுடுச்சு. அப்புறம் நீங்களே கட்டரை ஒடைச்சுக் குத்திட்டீங்க!"

"கழிச்ச பீஸை நான் நல்ல பீஸ்னு அனுப்புறத மொதலாளிகிட்ட சொல்லிடுவேன்னான் அருள், மேடம்!" வெடித்தான் கமலக்கண்ணன்.

செல்வி உடைந்து அழுதாள்.

பாவாடை விலங்கு மாட்டி ஜீப்பைக் காட்டினார்.

"ஏறுங்க சார். நடுவுல உக்காருங்க... கதவோரம்தான் உங்களுக்கு ராசியில்லியே!"